சாமி கும்புடாதவன் பைபிளைப் படிக்கிறது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

எங்க வீட்டுப் பரண்ல ரெண்டு பைபிள் கெடந்துச்சு. ஒண்ணு தாத்தாவோடது. தாத்தா கருப்புச் சட்டைக்காரர், மாயவரம் சுத்துவட்டாரத்துல எந்த ஊர்ல கூட்டம்னாலும் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயி மேடைக்குக் கீழ நிக்கிற ஆளு, அவரு பைபிள் முழுக்க செவப்புப் பென்சில் கோடு, எங்கெல்லாம் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதோ அங்கெல்லாம். இன்னொண்ணு அத்தையோடது, பொறையாருக்குக் கட்டிக்குடுத்து அங்கயே சபையில சேந்துட்டாங்க, புதுசு வாங்குனப்ப பழசை இங்க போட்டுட்டுப் போனாங்க, அதுல நீல இங்க்ல கோடு, எங்கெல்லாம் ஆறுதலா ஒரு வாக்குத்தத்தம் வருதோ அங்கெல்லாம். லாக்டவுன் சமயத்துல வேற பொழப்பு இல்லாம ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வச்சுப் பாத்தேன். ரெண்டு பேருமே கோடு போடாத பக்கம்தான் ஜாஸ்தியா இருந்துச்சு, அந்தப் பக்கங்கள்லதான் கதையும் இருந்துச்சு.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கெடையாது, படிச்சு முடிச்சதுக்கு அப்புறமும் வரல. ஆனா இவ்வளவு நல்ல எழுத்தை "அது அவங்க சாமி புஸ்தகம்"னு விட்டுட்டு இருந்தமேன்னு கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு. அதனால என்னை மாதிரி ஆளுங்களுக்கு எங்கேந்து ஆரம்பிக்கணும், எதைத் தாண்டிப் போகலாம், எங்க நின்னு பாக்கணும்னு எழுதுறேன்.

படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்

பைபிள் ஒரு புஸ்தகம் இல்ல, அது ஒரு அலமாரி. புராட்டஸ்டண்டு பைபிள்ல 66 நூல், கத்தோலிக்க பைபிள்ல 73. பழைய ஏற்பாடு எபிரேயத்துல, அதுல சில பகுதி அரமேயத்துல, புதிய ஏற்பாடு கிரேக்கத்துல. எழுதுனவங்கள்ல முக்கால்வாசிப் பேரு ஒருத்தரை ஒருத்தர் பாத்தது கூட கெடையாது, பல நூறு வருஷ இடைவெளி. அதுல சட்டம் இருக்கு, வம்சப் பட்டியல் இருக்கு, காதல் பாட்டு இருக்கு, ஒப்பாரி இருக்கு, போர்க்கதை, பழமொழி, லெட்டர், எல்லாம் இருக்கு. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலுக்குள்ள போயி "இந்த லைப்ரரி என்ன சொல்லுது"ன்னு கேட்டா அங்க இருக்குறவங்க உங்களை எப்படிப் பாப்பாங்களோ, "பைபிள் என்ன சொல்லுது"ங்கிற கேள்வியும் அப்படித்தான். எந்த நூல், எந்த அதிகாரம், யாரு வாயில வருதுன்னு கேக்கப் பழகுங்க. சாத்தான் பேசுறதும் பைபிள் வசனம்தான்.

அதனாலயே மொதப் பக்கத்துலேந்து கடைசி வரைக்கும் வரிசையா படிக்கப் போகாதீங்க. அப்படி ஆரம்பிச்சவங்க எல்லாம் லேவியராகமத்துல எந்த ஆட்டை எப்படி அறுக்கணும்ங்கிற எடத்துல புஸ்தகத்தை மூடி வச்சவங்கதான், நானும் ரெண்டு தடவ மூடியிருக்கேன்.

ரெண்டு மொழிபெயர்ப்பு கையில இருக்கணும்

புராட்டஸ்டண்டு சபைகள்ல இருக்குற பழைய மொழிபெயர்ப்பு ஒண்ணு, கத்தோலிக்கர் பக்கம் புழங்குற 1995 திருவிவிலியம் ஒண்ணு. ரெண்டும் போன்ல ஃப்ரீயாவே கெடைக்குது, ஆனா பழசை மட்டும் காகிதத்துல வாங்கிக்குங்க, கோடு போடணும்ல.

பழசோட மொத வரி: "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்." புதுசு "தொடக்கத்தில் கடவுள்"னு ஆரம்பிச்சு விண்ணுலகு, மண்ணுலகு, படைத்தல்னு போகுது. பழசுல வடமொழி நெறைய, தேவன், கர்த்தர், கிருபை, ரட்சிப்பு எல்லாம் அங்கேந்துதான், அர்த்தம் சில நேரம் சட்டுனு பிடிபடாது, ஆனா வாய்விட்டுப் படிச்சா அதுக்கு ஒரு நடை இருக்கு பாருங்க, அது புதுசுல கெடைக்காது. புதுசு தெளிவா புரியும், அடிக்குறிப்பும் இருக்கும். அர்த்தத்துக்குப் புதுசு, காதுக்குப் பழசு, நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.

இந்தத் தமிழ் வந்ததே நம்ம கடக்கரை வழியாத்தான். 1706-ல சீகன்பால்கு தரங்கம்பாடியில எறங்குனாரு, 1715-ல புதிய ஏற்பாடு தமிழ்ல அங்கயே அச்சாகி முடிஞ்சுது, காகிதம் பத்தாம பொறையார் பக்கம் காகித ஆலையே வச்சாங்க, கடுதாசிப்பட்டறைன்னு அந்த எடத்துக்குப் பேரே நெலச்சிடுச்சு. அத்தை வீட்டுக்குப் போற வழி அது, சின்ன வயசுல அந்தப் போர்டைப் பாத்து சிரிச்சிருக்கேன். இப்ப நாம படிக்கிற பழைய மொழிபெயர்ப்பு சீகன்பால்குவோடது இல்ல, அதுக்கப்புறம் பல பேரு கை பட்டு 19-ம் நூற்றாண்டுல வந்தது. அதுல "வாய்விட்டு"ன்னு சொன்னேனே, அதை மறந்துடாதீங்க, பாதி விஷயம் சத்தத்துலதான் இருக்கு.

மொதல்ல படிக்க வேண்டியது: 2 சாமுவேல் 11, 12

அரை மணி நேரம் போதும். தாவீது ராஜா மொட்டை மாடியில உலாத்துறான், கீழ ஒருத்தி குளிக்கிறதைப் பாக்குறான், அவ பேரு பத்சேபாள், புருஷன் உரியா போர்க்களத்துல இருக்கான். அவளைக் கூட்டியாரச் சொல்லிப் படுக்குறான், அவ கர்ப்பமாயிடுறா, புருஷனைப் போர்லயே சாக வைக்கிறான். தாத்தா பைபிள்ல இந்த அதிகாரம் கிட்டத்தட்ட முழுக்க செவப்பா இருக்கு, ஓரத்துல "இவன்தான் தேவனுக்கு உகந்தவனாம்"னு எழுதியிருக்காரு. அத்தை பைபிள்ல ஒரு கோடு இல்ல. ரெண்டு பேருமே விட்ட எடம் மொத வசனம். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போற காலம், தாவீது தளபதி யோவாபை அனுப்புனான், சேனையை அனுப்புனான், "தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான்." அவ்வளவுதான். ஒரு திட்டு கெடையாது, ஒரு தீர்ப்பு கெடையாது. எல்லாரும் போயிருக்க வேண்டிய நேரத்துல இவன் மட்டும் வீட்டுல இருக்கான், அந்த "தாவீதோ"ல இருக்குற ஓகாரத்துலயே கதைசொல்லி வேலையை முடிச்சிட்டான்.

இப்ப ஒரு பென்சில் எடுத்துக்கிட்டு "அனுப்பு"ங்கிற சொல் வர்ற எடமெல்லாம் வட்டம் போடுங்க. ராஜா யோவாபை அனுப்புறான், அவ யாருன்னு விசாரிக்க ஆள் அனுப்புறான், அவளைக் கூட்டியார ஆள் அனுப்புறான், அவ "நான் கர்ப்பமா இருக்கேன்"னு சொல்லி அனுப்புறா (அந்த அதிகாரம் முழுக்க அவ பேசுறது அது ஒண்ணுதான், எபிரேயத்துல வெறும் ரெண்டே வார்த்தை), உரியாவை அனுப்புன்னு யோவாபுக்கு ஆள் போகுது, கடைசியில உரியாவைக் கொல்லச் சொல்ற லெட்டரை உரியா கையிலயே குடுத்து அனுப்புறான். ராஜான்னா உக்காந்த எடத்துலேந்து அனுப்பறவன். அப்புறம் 12-ம் அதிகாரம் எப்படி ஆரம்பிக்குது? கர்த்தர் நாத்தான்ங்கிற தீர்க்கதரிசியைத் தாவீதுகிட்ட அனுப்புனாரு. கடவுளை நம்பாதவனுக்கும் அந்த எடத்துல முதுகுல சில்லுனு ஒண்ணு ஓடும்.

இன்னும் ஒண்ணு, இதை நான் மூணாவது தடவ படிச்சப்பதான் பாத்தேன். ராஜா, வீட்டுக்குப் போயி தூங்குன்னு உரியாகிட்ட சொல்றான், போயிட்டா அந்தக் கர்ப்பத்தை அவன் கணக்குல எழுதிடலாம்ல. உரியா போகல, வாசல்ல படுத்துக்குறான். என் ஆளுங்க எல்லாம் வெட்டவெளியில கெடக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போயி சாப்புட்டுக் குடிச்சு என் பொண்டாட்டியோட படுப்பனான்னு கேக்குறான். சாப்புட, குடிக்க, படுக்க. அடுத்த அதிகாரத்துல நாத்தான் வந்து ஒரு ஏழையோட ஒத்த ஆட்டுக்குட்டி கதை சொல்றான்: அது அவன் தட்டுல தின்னும், அவன் கிண்ணத்துல குடிக்கும், அவன் மடியில படுக்கும். அதே மூணு சொல்லு! ராஜாவுக்குக் கோவம் பொங்கி அந்த ஆட்டைத் திருடுனவன் சாகணும்ங்கிறான், "நீயே அந்த மனுஷன்"ங்கிறான் நாத்தான்.

உரியாவுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா? அரண்மனை வேலைக்காரனுக்கெல்லாம் தெரிஞ்சது அவன் காதுக்கு வராம இருந்திருக்குமா, தெரிஞ்சுதான் வீட்டுக்குப் போகலயா? கதைசொல்லி வாயைத் தொறக்கல. அந்த மவுனத்தை நீங்க நெரப்பப் பாக்காதீங்க, அது தொறந்து கெடக்கறதுலதான் அழகு.

இதைப் படிச்ச சூட்டோட 1 நாளாகமம் 20-ஐ எடுங்க. அது பிற்காலத்துல எழுதுனது, அதே ராஜாவோட கதையை மறுபடி சொல்லுது. கிட்டத்தட்ட அதே மொத வசனம் இருக்கும், தாவீது எருசலேம்ல தங்கிட்டாங்கிறதும் அப்படியே இருக்கும், அடுத்து பாத்தா ஊரைப் புடிச்சாச்சு, கிரீடம் தலையில ஏறியாச்சு. பத்சேபாள் இல்ல, உரியா கொலை இல்ல, நாத்தான் இல்ல. யாரோ ஒருத்தர் கத்திரி போட்டிருக்காரு, ஆனா துணியோட ஓரத்தை மடிச்சுத் தைக்க மறந்துட்டாரு.

தையல் தெரியுற எடத்தைத் தேடுங்க

தாத்தா தலைமுறை இந்த மாதிரி எடத்தைப் பாத்தா "பாரு பொய்"னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிடும். நான் என்ன சொல்றேன்னா அங்க நில்லுங்க. முரண்பாடு இருக்குற எடத்துலதான் மனுஷக் கை தெரியுது.

ஆதியாகமம் 1-ல மிருகமெல்லாம் மொதல்ல, மனுஷன் கடைசியில, ஆணும் பொண்ணும் ஒண்ணா. 2-ம் அதிகாரத்துல மொதல்ல மனுஷன், அப்புறம் தோட்டம், அப்புறம் மிருகங்கள், கடைசியில பொண்ணு. கடவுள் பேரும் மாறுது, மொத அதிகாரத்துல "தேவன்", ரெண்டாவதுல 4-ம் வசனத்துலேந்து "தேவனாகிய கர்த்தர்". தமிழ்லயே இது தெரியும், எபிரேயம் படிக்க வேண்டியதில்ல. மொத ஆளு வார்த்தையால உண்டாக்குற பிரம்மாண்டமான கடவுள், ரெண்டாவது ஆளு மண்ணைப் பெசஞ்சு உருவம் புடிக்கிற குயவர் மாதிரி, சாயங்காலக் காத்துல தோட்டத்துல நடக்குறாரு. 1753-லயே ஜான் அஸ்த்ருக்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் இந்தப் பேர் வித்தியாசத்தை வச்சு ரெண்டு மூலம் இருக்கணும்னு பேர் போடாம ஒரு புஸ்தகம் எழுதுனாரு, அதுலேந்து கெளம்பி 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்கள் நாலு மூலம் வரைக்கும் போனாங்க, அந்தக் கணக்குல இன்னைக்கும் சண்டை ஓயல.

நோவா கதை (6லேந்து 9 வரைக்கும்) இன்னும் சுவாரஸ்யம். ஒரு எடத்துல எல்லாத்துலயும் ஒரு ஜோடி, இன்னொரு எடத்துல சுத்தமான மிருகம்னா ஏழு ஏழா. ஒரு எடத்துல 40 நாள், இன்னொரு எடத்துல 150 நாள். ரெண்டு கலர் பென்சில் எடுத்து பிரிச்சுப் பாத்தீங்கன்னா கிட்டத்தட்ட ரெண்டு முழுக் கதையா பிரிஞ்சு வரும், சின்னப் பசங்களுக்கு வெளையாட்டாவே குடுக்கலாம். 1872-ல ஜார்ஜ் ஸ்மித்ங்கிறவர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல களிமண் பலகையில பாபிலோன் வெள்ளக் கதையைப் படிச்சுக் கண்டுபுடிச்சாரு. அதுலயும் கப்பல், அதுலயும் புறா, காக்கா, அதுலயும் தண்ணி வடிஞ்சதும் பலி. அதுல பட்டினி கெடந்த தேவர்கள் வாசனை புடிச்சு ஈ மாதிரி மொய்க்கிறாங்க, இதுல ஒத்தக் கடவுள் சுகந்த வாசனையை முகர்ந்தாருன்னு அடக்கமா முடியுது. அந்த ஈயைத் தூக்கிட்டு ஒருத்தர் எழுதியிருக்காரு பாருங்க, அதுதான் எழுத்தாளன் வேலை.

நமக்கு இது ஒண்ணும் அன்னியம் இல்ல. கும்பகோணத்துக்குப் பேரு வந்ததே பிரளயத்துல மெதந்து வந்த கும்பத்தாலன்னு சொல்றாங்க, சீர்காழியில சாமி தோணியில வந்தாருன்னு தோணியப்பரா உக்காந்திருக்காரு. கொள்ளிடம் கரை தெரியாம ஓடுறதைப் பாத்த ஊர்க்காரங்க வெள்ளத்தை வச்சுத்தான் கதை பண்ணுவாங்க, ஆத்துக்கு நடுவுல பொழச்ச பாபிலோன்காரனும் அப்படித்தான். யாரு யாருகிட்ட திருடுனாங்கன்னு சண்டை போட வேண்டாம், ஒவ்வொரு ஊரும் தண்ணியில எதைக் காப்பாத்துச்சுன்னு பாருங்க. அவங்க மிருகத்தை ஏத்துனாங்க, நம்ம ஆளு தோணியில 64 கலையை ஏத்துனாங்க.

மகனைக் கூட்டிக்கிட்டு மலையேறுன அப்பா

ஆதியாகமம் 22. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலி குடுக்கப் போறான். பத்தொன்பது வசனம்தான். மூணு நாள் நடக்குறாங்க, அந்த மூணு நாள் என்ன பேசுனாங்கன்னு ஒரு வரி இல்ல. விறகை மகன் தோள்ல ஏத்துறான், நெருப்பையும் கத்தியையும் தான் வச்சுக்கிறான், கூர்மையானதையும் சுடுறதையும் புள்ள கையில குடுக்கல பாருங்க. ரெண்டு பேரும் சேந்து போனாங்கன்னு வருது. புள்ள கேக்குறான், நெருப்பு இருக்கு கட்டை இருக்கு, ஆட்டுக்குட்டி எங்கன்னு. தேவன் பாத்துக்குவாருப்பாங்கிறான். மறுபடியும் ரெண்டு பேரும் சேந்து போனாங்க. அதே வாக்கியம்தான், ஆனா இப்ப புள்ளைக்குப் பாதி புரிஞ்சிடுச்சோன்னு நமக்குத் தோணுது.

கதையோட கடைசி, 19-ம் வசனத்தை கவனிங்க. கத்தி எறங்கல, ஆட்டுக்கடா கெடச்சிடுச்சு, எல்லாம் சுபம், ஆபிரகாம் வேலைக்காரங்ககிட்ட திரும்பி வந்தான். ஈசாக்கு? அவன் பேரே அங்க இல்ல. அடுத்த அதிகாரம் ஆரம்பிச்சதும் அம்மா சாராள் செத்துப் போறா. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எழுதுனவன் சொல்லல, பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கான், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்து ஆளுக்கு இதைப் படிக்கும்போது திருச்செங்காட்டாங்குடி ஞாபகம் வராம இருக்காது. சிறுத்தொண்டர் கதை, சாமியார் வேஷத்துல வந்த சிவனுக்குப் புள்ளைக்கறி. அங்க கத்தி நெசமாவே எறங்குது, அம்மா மடியில வச்சுக் காலைப் புடிச்சுக்கிறா, சமைக்கிறாங்க, எல போடுறாங்க, அப்புறம்தான் "சீராளா"ன்னு கூப்புட்டா புள்ள ஓடி வர்றான். அந்தக் கதையில அம்மா உடந்தை, இந்தக் கதையில அம்மாகிட்ட சொல்லவே இல்ல. அங்க எல்லாத்தையும் காட்டுறாங்க, இங்க எதையும் காட்டல. ரெண்டுல எது கொடூரம்னு நான் பல தடவ யோசிச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு தோணுது. சந்தேகப்படுறவனுக்கு இது நல்ல பயிற்சி, அடுத்தவன் கதையில ரத்தத்தைப் பாத்துட்டு நம்ம கதையில பக்தியைப் பாத்தா அதுக்குப் பேரு பகுத்தறிவு இல்ல.

பாட்டைப் பாட்டாப் படிங்க

எபிரேயப் பாட்டுல நம்ம எதுகை மோனை மாதிரி எதுவும் முக்கியம் இல்ல. ஒரு அடி சொன்னதை அடுத்த அடி கொஞ்சம் திருப்பிச் சொல்லும், அதான் அதோட தாளம். "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது, ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது", சங்கீதம் 19. இந்த இணையடி வித்தையை ராபர்ட் லவுத்னு ஒரு பாதிரியார் ஆக்ஸ்ஃபோர்டுல வெளக்கி, அந்த உரைகள் புஸ்தகமா வந்ததும் அதே 1753-லதான், அது என்ன வருஷமோ. சொன்னதையே ஏன் ரெண்டு தடவ சொல்றாங்கன்னு எரிச்சல் வந்தா ரெண்டாவது அடியில என்ன ஏறியிருக்கு, எவ்வளவு இறுகியிருக்குன்னு மட்டும் பாருங்க.

புலம்பல்ங்கிற நூலை மட்டும் கண்டிப்பா சத்தமாப் படிங்க. எருசலேம் கி.மு. 587 வாக்குல எரிஞ்சு விழுந்ததுக்கு வச்ச ஒப்பாரி. "ஐயோ! ஜனம்பெருத்த நகரி தனிமையாக உட்கார்ந்திருக்கிறாளே! விதவைக்கு ஒப்பானாளே!" எங்க தெருவுல சாவு வுழுந்தா கெழவிங்க கட்டிப்புடிச்சு இழுத்து இழுத்துப் பாடுவாங்களே, அந்த "ளே" அப்படியே இருக்கு, இதைத் தமிழ்ல ஆக்குனவருக்கு நல்ல காது. மொத நாலு அதிகாரமும் எபிரேய எழுத்து வரிசைப்படி கட்டுனது, அழுகையை அகர வரிசையில அடுக்கியிருக்கான். நெஞ்சு வெடிக்கிற நேரத்துல எதுக்குடா இந்தக் கணக்குன்னு மொதல்ல தோணுச்சு. ஒப்பாரிக்கும் மெட்டு இருக்குல்ல, மெட்டு இல்லாட்டி அழ முடியாது.

பிரசங்கின்னு ஒரு நூல் இருக்கு, சந்தேகப்பிராணிக்காகவே எழுதுன மாதிரி. "மாயை, மாயை, எல்லாம் மாயை"ன்னு வரும். இங்கதான் மொழிபெயர்ப்புல ஏமாந்துடக் கூடாது. மாயைன்னதும் நமக்கு வேதாந்தம் ஞாபகம் வந்துடும், உலகமே பொய்த்தோற்றம்னு. மூலத்துல இருக்குறது ஹெபெல், அதாவது ஆவி, மூச்சுக்காத்து மாதிரி ஒண்ணு. மார்கழிக் காலையில வயல் மேல பனி நிக்கும், வரப்பு தெரியாது, எட்டு மணிக்குப் பாத்தா ஒண்ணும் இருக்காது. பனி பொய் இல்ல, இருந்துச்சு, கையில புடிக்க முடியல. அந்த அர்த்தத்துல மறுபடி படிச்சுப் பாருங்க, வேற நூலாத் தெரியும்.

உன்னதப்பாட்டு காதல் பாட்டு. யூதர், கிறிஸ்தவர்னு ரெண்டு மதத்துக்காரங்களும் சாமிக்கும் பக்தனுக்கும் உள்ள உறவுன்னு வெளக்கம் குடுத்துட்டாங்க, நீங்க அகப்பாட்டாப் படிங்க, போதும்.

நடந்துச்சா இல்லையா

இந்தக் கேள்வியை ரொம்ப நேரம் வச்சுக்காதீங்க, ஆனா ஒரு தடவ கேட்டுடணும். எரிகோ மதில் விழுந்த கதை யோசுவா 6-ல இருக்கு. 1950-கள்ல கேத்லீன் கென்யன்ங்கிற தொல்லியல் அறிஞர் அங்க தோண்டிப் பாத்தாங்க, யோசுவா காலம்னு சொல்ற சமயத்துல விழுறதுக்கு அப்படி ஒரு மதில் இருந்ததா தடயம் இல்ல. சரி, எல்லாமே கட்டுக்கதைன்னு கெளம்புனா அதுவும் சோம்பேறித்தனம், ஏன்னா 1993-ல டெல் தான்ங்கிற எடத்துல கெடச்ச கல்வெட்டுல "தாவீதின் வீடு"ன்னு எதிரி ராஜாவே வெட்டி வச்சிருக்கான்னு பெரும்பாலான அறிஞர்கள் படிக்கிறாங்க. தாவீதுன்னு ஒருத்தன் பேர்ல வம்சம் இருந்துச்சு. அவன் கோலியாத்தைக் கொன்னானாங்கிறது வேற, 2 சாமுவேல் 21:19-ல கோலியாத்தைக் கொன்னது எல்க்கானான்னு ஒருத்தன், நாளாகமத்துக்காரர் அதை "கோலியாத்தின் சகோதரனை"ன்னு ஆக்கி சரிக்கட்டியிருக்காரு, சில மொழிபெயர்ப்புகள் சாமுவேல்லயே அந்தச் சகோதரனைச் சொருகிடுது. பேர் பெருசாக ஆக அடுத்தவன் சாதனையும் அவன் கணக்குல ஏறும், அரசியல் பாக்குற நமக்கு இது புதுசா?

1 சாமுவேல் 15 மாதிரி, பச்சப்புள்ள வரைக்கும் கொல்லச் சொல்ற பகுதிகளும் வரும். போர்ப்பாட்டுன்னா மிகைப்படுத்துவாங்க, நம்ம பரணியில பேய் கூழ் காய்ச்சிக் குடிக்கலயான்னு கேக்கலாம், அது ஓரளவுக்குத்தான் செல்லும். இலக்கியமாப் படிக்கிறேன்னு சொல்லி இதுக்கு வக்கீலா ஆகிடாதீங்க. இந்த எடத்துல நான் தாத்தா பென்சில் பக்கம்தான்.

மாற்கை ஒரே மூச்சுல

ஏசு கதையைச் சொல்ற நாலு சுவிசேஷத்துல மாற்குதான் சின்னது, ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியும், பழசும் அதுதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க, கி.பி. 70 வாக்குல. ஒரே உக்காருல படிங்க. கதை ஓடும், "உடனே" "உடனே"ன்னு தள்ளிக்கிட்டே போகும், சீடனுங்க எதையும் புரிஞ்சுக்காத மண்டூகங்களா இருப்பானுங்க. ஏசுவோட கல்லறைக்குப் போன பொண்ணுங்க பயந்து ஓடி "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்" போனாங்கன்னு 16:8-ல வரும். நமக்குக் கெடச்ச ரொம்பப் பழைய முழுப் பிரதிகள்ல ரெண்டு, 4-ம் நூற்றாண்டு சினாய் பிரதியும் வத்திக்கான் பிரதியும், அங்கயே நின்னுடுது. 9 முதல் 20 வரைக்கும் பின்னாடி ஒட்டுனது. கதை இப்படி அந்தரத்துல நின்னதைத் தாங்க முடியாத யாரோ ஒருத்தர் முடிவு எழுதிக் குடுத்திருக்காரு.

அப்புறம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒரு வேலை வையுங்க. வேளாங்கண்ணியில பாருங்க, கும்பகோணத்துல பாருங்க, மாட்டுக்கொட்டகை, மேய்ப்பர்கள், ஒட்டகத்தோட மூணு ராஜா எல்லாரும் ஒண்ணா நிப்பாங்க. மத்தேயுல மேய்ப்பரும் இல்ல, முன்னணையும் (மாட்டுக்குத் தீனி போடுற தொட்டி) இல்ல, சாஸ்திரிகள் (குடில்ல ராஜாவா நிக்கிறவங்கதான்) வீட்டுக்குள்ள வர்றாங்க, மூணு பேருன்னு எண்ணிக்கையும் இல்ல. லூக்காவுல சாஸ்திரிகள் இல்ல, ஏரோது ராஜா கொழந்தையைக் கொல்லத் தேடுறதும் இல்ல, எகிப்துக்கு ஓடுறதும் இல்ல. மாற்கும் யோவானும் பொறப்புக் கதையே சொல்லல. குடில்ங்கிறது ரெண்டு எழுத்தாளர்களைக் கட்டாயக் கல்யாணம் பண்ணி வச்ச எடம்.

ஏசு சாகும்போது பேசுன கடைசி வார்த்தையையும் ஒப்பிடுங்க. மாற்குல "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்", லூக்காவுல உம்ம கையில என் ஆவியை ஒப்புவிக்கிறேன், யோவான்ல "முடிந்தது". மூணு பேரு மூணு ஆளைப் பாத்திருக்காங்க. பெரிய வெள்ளியில ஏழு வார்த்தைன்னு எல்லாத்தையும் சேத்து வாசிக்கிறப்ப மாற்கோட அந்தத் தனி அலறல் சன்னமாயிடுது, அதான் எனக்கு வருத்தம்.

கடைசியா யோபு

இதைக் கடைசிக்கு வச்சதுக்குக் காரணம், இதைப் படிக்கணும்னா பழகுன கண்ணு வேணும். ஓரத்துல உரைநடை, நடுவுல பாட்டு. மொத ரெண்டு அதிகாரமும் கடைசிப் பகுதியும் பழைய நாட்டுக்கதை மாதிரி: நல்லவன், சாத்தான் பந்தயம், எல்லாம் போச்சு, எல்லாம் வந்துச்சு. 3-ம் அதிகாரத்துலேந்து பாட்டுக்காரன் புகுந்துடுறான், "நான் பிறந்த நாளும்… அழிவதாக"ன்னு ஆரம்பிச்சா கதையில இருந்த பொறுமைசாலி யோபு காணாமப் போயிடுறான், கடவுளையே கோர்ட்டுக்கு இழுக்குறான். பாக்க வந்த கூட்டாளிங்க எல்லாம் நீ ஏதோ தப்பு பண்ணியிருப்ப, அதான்னு சமாதானம் சொல்றாங்க. 38-ல பெருங்காத்துலேந்து கடவுள் பேசுறாரு, நான் பூமிக்கு அஸ்திவாரம் போட்டப்ப நீ எங்க இருந்தன்னு. அவ்வளவு அழகான பாட்டு, மழை, பனி, காட்டுக்கழுதை, கழுகு எல்லாம் வருது. யோபு கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரல. வேடிக்கை என்னன்னா கடவுளுக்காக வக்காலத்து வாங்குன கூட்டாளிங்கதான் தப்பா பேசுனாங்கன்னு கடவுளே 42-ல சொல்லிடுறாரு, நாம சத்தம் போட்டுச் சிரிக்கலாம்.

அப்புறம் கணக்கு. 7000 ஆடு 14,000 ஆகுது, 3000 ஒட்டகம் 6000 ஆகுது, எல்லாம் ரெண்டு மடங்கு. புள்ளைங்க மட்டும் மொதல்ல ஏழு பையன் மூணு பொண்ணு, திரும்பவும் ஏழு பையன் மூணு பொண்ணு. தாத்தா யோபு முழுக்க ஒரு கோடும் போடல, இந்த வசனத்துக்குப் பக்கத்துல மட்டும் செவப்புல ஒரு கேள்விக்குறி. கஜா புயல்ல தென்னை போனவங்களுக்குக் கன்னு குடுத்தாங்க, ஆறேழு வருஷத்துல காய்ச்சிடும். புள்ளைக்கு என்ன கணக்கு?

அத்தை பைபிள்ல யோபுக்கு நீலக் கோடு நெறைய, 42-ம் அதிகாரத்துல மட்டும் இல்ல. 2004-ல தரங்கம்பாடி கடக்கரையில என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. அத்தைக்கு ரெண்டு பசங்க, இப்ப ஒருத்தன்.

போன மாசம் போனப்ப ரொம்ப நேரம் யோசிச்சிட்டுக் கேட்டுட்டேன், "அத்தை, யோபு கடைசி அதிகாரம் நீங்க படிக்கிறதில்லையா?"

"அது எதுக்குப்பா. மூணாம் அதிகாரம் படிப்பேன்."

"அதுல ஆறுதலா ஒண்ணும் இல்லையே அத்தை."

"அதனாலதான். நீதான் படிக்கிறேல்ல இப்பல்லாம், கண்ணாடி உள்ள இருக்கு, நீயே சத்தமா வாசி."

வாசிச்சேன். ரெண்டு எடத்துல உச்சரிப்பைத் திருத்துனாங்க.